கிளஃபின் கோபம்: கடிதங்களில் விடுபட்ட பெயர்

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்துக் கால்பந்து மேலாளர் பிரையன் கிளஃப் பற்றி உங்கள் இதழில் வந்த வாசகர் கடிதங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றன. அவருடைய முன்கோபம்தான் கோப்பைகளை வாங்கித் தந்தது என்கிறது ஒன்று. அதுவே அவரைக் கெடுத்தது என்கிறது மற்றொன்று. இரண்டிலும் அவருடைய உதவி மேலாளர் பீட்டர் டெய்லரின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. அவரை விட்டுவிட்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

வரிசையாகப் பாருங்கள். 1972-இல் கிளஃபின் டார்பி கவுண்டி அணி இங்கிலாந்தின் லீக் பட்டம் வென்றபோது டெய்லர் உடனிருந்தார். 1974-இல் லீட்ஸ் யுனைடெட்டுக்கு கிளஃப் தனியாகப் போனார், டெய்லர் அதுவரை இருவரும் இருந்த பிரைட்டன் அணியிலேயே தங்கிவிட்டார். 44 நாளில் வேலை போயிற்று; ஆறு லீக் ஆட்டங்களில் ஒரே வெற்றி. 1975 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு வந்தபோதும் தனியாள்தான். 1976-இல் டெய்லர் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே, இரண்டாம் டிவிஷனில் மூன்றாமிடம் பிடித்து எப்படியோ மேலே ஏறிய அணி, 1977-78-இல் லிவர்பூலை ஏழு புள்ளிகள் பின்னே தள்ளி லீக்கை வென்றது. 42 ஆட்டங்களில் எதிரணிகளிடம் வாங்கிய கோல் வெறும் 24. பிறகு 1979, 1980 என இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள்.

டெய்லரின் வேலை ஆள் பொறுக்குவது. கென்னி பர்ன்ஸை எடுக்குமுன், அவர் சூதாட்டத்தில் மூழ்கியவரா என்று நாய்ப் பந்தயத் திடலுக்கே போய் வேவு பார்த்தவர் அவர். முன்வரிசை வீரரான பர்ன்ஸைத் தடுப்பு வரிசைக்கு மாற்றினார்கள். 1978-இல் கால்பந்து எழுத்தாளர்களின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். ஓரங்கட்டப்பட்டுக் கிடந்த ஜான் ராபர்ட்சன், 1979 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் டிரெவர் ஃபிரான்சிஸ் தலையால் முட்டிக் கோலாக்கிய பந்தை இடப்பக்கமிருந்து அனுப்பினார். 1980 இறுதியில் ஹாம்பர்க்குக்கு எதிரான ஒரே கோலை அவரே அடித்தார். சரியான ஆள் கிடைத்த பிறகுதான் கிளஃபின் அதட்டலுக்கு வேலை.

அந்த அதட்டலும் பலர் நினைப்பதுபோல் கண்மண் தெரியாததல்ல. அவருடைய வீரர்கள் நடுவரிடம் வாதாடக் கூடாது என்பது கண்டிப்பான விதி. இங்கிலாந்திலேயே அதிகம் வாயாடிய மேலாளரின் அணி, களத்தில் வாய் திறக்காத அணியாக இருந்தது. கெட்ட வார்த்தை வேண்டாம் என்று ரசிகர்களுக்கே பலகை எழுதி வைத்தவர் அவர்.

1982-இல் டெய்லர் ஃபாரஸ்டிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு, டார்பியின் மேலாளராக இருந்த அவர் ராபர்ட்சனைச் சொல்லாமல் அழைத்துக்கொண்டதில் நட்பு முறிந்தது. 1990-இல் டெய்லர் இறக்கும்வரை ஒட்டவில்லை. அவர் விலகியபின் ஃபாரஸ்ட் 1989, 1990 லீக் கோப்பைகளை வென்றது உண்மை. அது வேறு போட்டி; லீக் பட்டம் மட்டும் திரும்ப வரவில்லை. தடுக்க ஆளில்லாத கோபம் வேறு வழியில் போயிற்று. 1989 ஜனவரியில் களத்துக்குள் ஓடிவந்த ரசிகர்களை அடித்து 5,000 பவுண்டு அபராதம் கட்டினார். 1991 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் கூடுதல் நேரத்துக்கு முன், தன் வீரர்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

என் வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு, மறைக்கப்போவதில்லை. 1981-இல் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கிய ஜஸ்டின் ஃபஷானுவை, அவர் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக கிளஃப் நடத்திய விதம் கேவலமானது. பயிற்சிக்கு வரவே தடை விதித்தார். ஃபஷானுவை வாங்கியபோது டெய்லரும் அங்கேதான் இருந்தார். கறார் என்று இதற்குப் பெயர் சூட்டும் கடிதங்களைப் படிக்கையில் எரிச்சல்தான் வருகிறது.

1993-இல் ஃபாரஸ்ட் கடைசி இடத்துக்குப் போய்க் கீழ் டிவிஷனுக்குத் தரமிறங்கியதற்குக் கோபத்தைக் காரணம் சொல்கிறார்கள். குடி ஒரு காரணம் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய கோடையில் தடுப்பு வீரர் டெஸ் வாக்கரும், சீசன் தொடங்கிய சில நாட்களிலேயே முன்வரிசை வீரர் டெடி ஷெரிங்ஹாமும் விற்கப்பட்டார்கள். ஷெரிங்ஹாம் அந்த சீசனில் அடித்த லீக் கோல்கள் 22. அதில் ஃபாரஸ்டுக்காக அடித்தது ஒன்று, டாட்டன்ஹாமுக்காக 21. அவர் இடத்துக்கு ஈடான ஆள் கடைசிவரை வரவில்லை. ஆள் பொறுக்கத் தெரிந்தவர் போய்ப் பத்தாண்டு ஆகியிருந்தது.

ஒரு வேண்டுகோள். கிளஃப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, அவர் தனியாக நிற்கும் நாட்டிங்ஹாம் சிலையின் படத்தைப் போடாதீர்கள். டார்பி மைதானத்துக்கு வெளியே 2010-இல் வைத்த சிலையில் இருவரும் சேர்ந்து நிற்கிறார்கள். அந்தப் படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்