ஒரு ஆளுக்கு மினெஸ்த்ரோனே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. சனிக்கிழமை தொரீனோ நகருக்கு வருகிற பிள்ளையிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு பொதியும் கொடுத்துவிடுகிறேன். அதில் காய்ந்த பொர்லோத்தி அவரை ஒரு கிலோவும், பார்மிஜானோச் சீஸின் ஓரத்தோல் ஆறு துண்டும் இருக்கிறது. ஃப்ரீசரில் சேர்த்து வைத்த தோல். கைக்கு வந்தவுடன் நீயும் ஃப்ரீசரில் வை, மறந்துவிடாதே.

நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தரம் கேட்டேன். "அம்மா, மினெஸ்த்ரோனே ஒரு ஆளுக்கு வைக்க எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்?" அவ்வளவுதான். மூன்று கிழமைக்குப் பிறகு வந்த குரல். அப்பாவின் முழங்கால் எப்படி என்று கேட்கவில்லை, தம்பியின் சோதனையைக் கேட்கவில்லை. சரி, உனக்கு வேலை கூட. போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நீ "எல்லாம் சரி அம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

ஒரு ஆளுக்கென்று இந்தச் சூப்பை வைக்க ஏலாது பிள்ளை. அம்மம்மா கூழ் காய்ச்சும் நாளில் ஒழுங்கைச் சனமே எங்கள் முற்றத்தில் பனையோலைப் பிளாவோடு குந்தியிருக்கும். ஒரு ஆளுக்குக் கூழ் காய்ச்சுவதை அங்கே யாரும் கேள்விப்பட்டதே இல்லை. இதுவும் அப்படித்தான். ஒரு கரட், ஒரு செடானோத் தண்டு (செலரி), ஒரு உருளைக்கிழங்கு, முட்டைக்கோவாவில் ஒரு துண்டு என்று கிள்ளிக் கிள்ளிப் போட்டாலும் சட்டி நிறைந்துவிடும். நாலு பேருக்கு வை. மிச்சத்தைப் பெட்டிகளில் ஊற்றி ஃப்ரீசரில் போட்டுவிடு. வேலையால் களைத்து வருகிற இரவுகளில் ஒன்றை எடுத்துச் சூடாக்கினால் போதும்.

இரவே 200 கிராம் பொர்லோத்தியை நிறையத் தண்ணீரில் ஊற வை. காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தனியாக அவி. நசுக்கிப் பார்த்தால் மாவாக வரவேண்டும். தக்காளியை அதற்குப் பிறகுதான் சேர்க்கவேண்டும். புளிப்பு முந்திவிட்டால் அவரை இறுகிப்போய் லேசில் வேகாது. நீ போன வருசம் "அம்மா, கல்லு மாதிரி இருக்கு" என்றாயே, அது இதனால்தான்.

அடுத்தது சொஃப்ரீத்தோ. ஒரு வெங்காயம், இரண்டு கரட், இரண்டு செடானோத் தண்டு. எல்லாவற்றையும் பொடியாக அரிந்து, ஒலிவ் எண்ணெயில் மெல்லிய நெருப்பில் கால் மணித்தியாலம் வதக்கு. எங்கள் கறிக்குத் தாளிக்கிற மாதிரிச் சிவக்க விடாதே. வெங்காயம் கண்ணாடி போல வந்து, செடானோவின் பச்சை வாசம் மாறி இனிப்பு வாசம் வரும். அந்த வாசம் வரும்வரை அடுப்பை விட்டு நகராதே. நீ அவசரக்காரி, அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பிறகு இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு சுக்கீனி, கால் கோவா, ஒரு கோப்பை தக்காளி, அவித்த அவரை, ஒன்றரை லீற்றர் தண்ணீர். பார்மிஜானோத் தோலின் வெளிப்பக்கத்தைக் கத்தியால் சுரண்டிக் கழுவிப் போடு. ஒரு மணித்தியாலம் கொதித்ததும் தோல் மெதுமெதுவென்று ஆகிவிடும். சின்ன வயதில் நீயும் தம்பியும் அதற்குத்தான் சண்டை பிடிப்பீர்கள். பாஸ்தாவைச் சூப்புக்குள் போட்டு வைக்காதே, தண்ணீரெல்லாம் குடித்து விடிய ஊதிப்போய்க் கிடக்கும். சாப்பிடுகிற நேரம் தனியாக அவித்துச் சேர்.

அவரை ஊற வைக்க மறந்தால் ஒரு பிடி மைசூர்ப் பருப்புப் போடு, அரை மணித்தியாலத்தில் கரைந்துவிடும். மிலானோவில் பாஸ்தாவுக்குப் பதில் அரிசி போடுகிறார்கள், ஜெனோவாவில் கடைசியில் பசில் இலை அரைத்த பெஸ்தோ கலக்கிறார்கள். நான் அப்பாவுக்கு மிளகு இடித்துப் போடுகிறேன். எந்தக் காய் மலிவோ அதைப் போடு, பிழையில்லை. பிழை, சாப்பிடாமல் படுப்பதுதான்.

நீ மெலிந்துவிட்டாய் என்று ஒருவர் சொன்னார். யார் என்று கேட்காதே.

நான் 1996-இல் பலெர்மோ வந்த முதல் கோடையில் பல்லரோச் சந்தையில் சுரைக்கொடியைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். தெனெரூமி என்றார்கள். பக்கத்தில் கைநீளத்துக்கும் மேலே வெளிர்பச்சைச் சுரைக்காய். எங்கள் சுரை! வேலை செய்த வீட்டு அம்மா அந்த இலையைத் தக்காளி, உள்ளியோடு அவித்து, ஸ்பகெத்தியை முறித்துப் போட்டுக் காட்டினா. அவ சமைத்த இடத்துக்கும் குச்சீனா என்றுதான் பெயர். எங்கள் குசினிதான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குச்சீனாவில்தான் மினெஸ்த்ரோனேயும் பழகினேன்.

இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

ஒன்பது வருசம் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சூப் வைத்தேன். அவர்கள் இருமினால் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். நீ பாடசாலையால் வந்து கதவைத் திறந்து, பாணில் ஜாம் பூசித் தம்பிக்கும் கொடுத்துவிட்டு இருட்டும்வரை யன்னலில் நிற்பாய். ஒருநாள் அங்கே மிஞ்சிய மினெஸ்த்ரோனேயைப் பெட்டியில் கொண்டு வந்தேன். "அந்த வீட்டு மிச்சம் எனக்கு வேண்டாம்" என்றாய். உனக்கு அப்போது எட்டு வயது. நான் அடித்தேன். கன்னத்தில் என் விரல் நாலும் தெரிந்தது. நீ அழவில்லை. கரண்டியை எடுத்து முழுவதையும் சாப்பிட்டாய். அடுத்த நாள் ஒரு கரட்டும் ஒரு உருளைக்கிழங்கும் வாங்கி, எங்கள் குசினியில் உனக்கென்று புதிதாக வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் கேட்டால் "எல்லாம் சரி அம்மா" என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டாய். அதைப் பழக்கியது நான்தான்.

பல்கலைக்கழகம் முடித்து, இத்தாலியனிலேயே வழக்குப் பத்திரம் எழுதுகிறவளாக வந்திருக்கிறாய். சந்தையில் யார் கேட்டாலும் அப்பா அதைத்தான் சொல்கிறார். எனக்கும் பெருமைதான். ஆனால் நீ எதையும் தனியாகச் சமாளிப்பாய் என்று மற்றவர்கள் புகழும்போது எனக்கு அந்த யன்னல் ஞாபகம் வருகிறது.

செப்டெம்பர் 4-ஆம் திகதி வெறுங்காலோடு மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறினேன். குகைக்குள் மேலே தகரப் பீலிகளில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தது. அதன் கீழே நின்று, பலெர்மோவைக் காக்கிற புனிதை சாந்தா ரொசாலியாவிடம் உன் பெயரை மட்டும் சொன்னேன்.

டிசம்பர் லீவுக்கு நான் வருகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே. நிலத்தில் பாய் போட்டால் எனக்குப் போதும். வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். உன்னிடம் ஐந்து லீற்றர் சட்டி இருக்கிறதா என்று மட்டும் அனுப்பு. இல்லையென்றால் இங்கிருந்து எங்கள் பெரிய சட்டியைக் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அம்மா