ஓணத்துக்கு வந்துவிட்டுப் போன மகனுக்கு

மக்களே,

சுகம்தானே? இங்கே ஐப்பசி மழை விடவில்லை, ரப்பர் வெட்டும் நடக்கவில்லை. அப்பாவின் முட்டுவலி பரவாயில்லை. அது கிடக்கட்டும்.

ஓணத்துக்கு வந்தபோது உன் கையைப் பார்த்தேன். மூளை ரத்தக்குழாய்ச் சிகிச்சை முடிந்த புதிதில், லேசாக இடித்தாலே நீலமாகக் கன்றிவிடும். ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்துச் சாப்பிட்டால் அப்படித்தான் என்று திருவனந்தபுரத்து டாக்டர் சொன்னார். இந்தத் தடவை கை சுத்தமாக இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. நீ போன பிறகு பார்த்தால், மேசை டிராயரில் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கிறது. பெங்களூரில் வேறு வாங்கியிருப்பாய், இல்லையா?

நான் எட்டாவதோடு நின்றவள்தான். ஆனாலும் டாக்டர் தாளில் வரைந்து காட்டியது மறக்கவில்லை. மூளை ரத்தக்குழாயில் புடைத்திருந்த இடத்துக்கு வாய் அகலம். புடைப்பை உள்ளே அடைக்கப் பிளாட்டினம் கம்பிச் சுருளை மட்டும் வைத்தால் நிற்காது, குழாய்க்குள் நழுவிவிடும். அதனால்தான் குழாயில் வலை மாதிரி ஸ்டென்ட்டை விரித்து, சுருளை வெளியே வராமல் தடுத்தார்கள். மண்டையைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகவே! தக்கலைச் சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் இன்னும் இதைச் சொல்கிறேன். நீ பயப்படாமல் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனதையும் சேர்த்துத்தான்.

ஆனால் ஸ்டென்ட் உலோகம் மக்களே. அதன்மேல் குழாயின் உள்தோல் வளர்ந்து மூடும்வரை ரத்தம் அங்கே உறையப் பார்க்கும். உறைந்து அடைத்தால் பக்கவாதம்தான். எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று அந்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். பல் எடுக்கணும் என்றாயே, பல் டாக்டர் சொன்னாலும் இவரைக் கேட்காமல் நிறுத்தாதே. ஈறில் ரத்தம் வந்தாலும் இவரிடமே சொல். ஒருவேளை இடையில் விட்டுப்போயிருந்தால் இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடு. திட்ட மாட்டார்.

சிகரெட்டைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் சட்டையைத் துவைத்தது நான்தான்.

ரத்தக்குழாயைப் படம் எடுத்துப் பார்க்கும் செக்கப் ஆஞ்சியோவுக்கு எப்போது வரச் சொன்னார்கள்? தேதி தெரிந்தால் அப்பா கார் ஏற்பாடு செய்வார். போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். மீட்டிங் என்றால் சரி. மருமகளையாவது ஒருதடவை பேசச் சொல். மாத்திரையைப் பற்றி அவளிடம் கேட்க மாட்டேன்.

அம்மை