அவனைக் காதலன் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு பிள்ளையைப் பின்தொடர்ந்து போய் வெட்டியவனை உங்கள் பத்திரிகை மறுபடியும் "ஒருதலைக் காதலன்" என்று போட்டிருக்கிறது. அவள் அவனோடு ஒரு நாளும் கதைத்ததில்லை என்று அதே செய்தியின் கடைசிப் பந்தியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்ப காதல் எங்கேயிருந்து வந்தது?

இந்தப் பேச்சு பத்திரிகையோடு நிற்பதில்லை. எங்கள் ஒழுங்கையில் உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளைக்குப் பின்னால், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியிலிருந்து ரியூசன் வாசல் வரைக்கும், ஒருவன் மோட்டார் சைக்கிளை மெதுவாக உருட்டிக்கொண்டே வருவான். முதலில் "அவளுக்குப் பின்னால ஒரு பெடியன் சுத்துறான்" என்றார்கள். கொஞ்ச நாளில் அவன் "அவளின்ர ஆள்" ஆகிவிட்டான். அவ்வளவுதான், வீட்டில் ரியூசனை நிறுத்திவிட்டார்கள். அவனை ஒருவரும் போய்க் கேட்கவில்லை. "ஆள்" என்று வாயில் வந்த பிறகு அது இரண்டு பேரின் விசயமாகிவிடுகிறது, அவளும் ஏதோ இடம் கொடுத்திருப்பாள் என்று சனம் தானாகவே நினைத்துக்கொள்கிறது.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே, தொல்காப்பியம் ஏழு திணை சொல்கிறது. இருவர் மனமும் ஒத்தால் அன்பின் ஐந்திணை, ஒருவர் மட்டும் விரும்பினால் கைக்கிளை, அதைத் தனியே ஒதுக்கித்தான் வைத்தார்கள். அந்தக் கைக்கிளையில்கூட விரும்பியவன் கத்தி தூக்குவதில்லை.

"15 வயதுச் சிறுமி காதலனுடன் மாயம்" என்கிற மாதிரித் தலைப்புகள் இன்னும் மோசம். இலங்கையில் 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியதிலிருந்து 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் சம்மதம் சம்மதமே இல்லை, அவளோடு உறவு கொள்வது வன்புணர்வு. கூட்டிக்கொண்டு போனவனுக்கு முப்பது வயது என்றாலும் தலைப்பில் அவன் காதலன்தான்!

அப்புறம் இந்தக் "கள்ளக்காதல்". எழுத்து முடிக்காமல், அதாவது கலியாணத்தைப் பதிவு செய்யாமல், ஒருவரோடு வாழ்கிற பெண் அடி வாங்கிய செய்தியில் அந்தச் சொல் விழுந்தால், வாசிக்கிறவர்களுக்கு அவள் அடி வாங்கவேண்டியவள் ஆகிவிடுகிறாள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கூடி வாழ்கிற துணையையும் சேர்த்தே சொல்கிறது, அவளும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். ஆனால் ஊர் முழுக்க அப்படி வாசித்த பிறகு எந்த முகத்தோடு அவள் பொலிசுக்குப் போவாள்?

காதலிக்கிறவர்களைக் காதலர் என்று தாராளமாக எழுதுங்கள், பெற்றோருக்குப் பிடிக்காமல் போய்ப் பதிவு செய்துகொண்ட 22 வயதுப் பிள்ளைகளை "ஓட்டம்" என்று எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல். மற்ற இடங்களில் நடந்ததையே எழுதுங்கள். பின்தொடர்ந்தான், மிரட்டினான், வெட்டினான், தலைப்புக்கு இது போதும். உங்கள் இணையப் பக்கத்தில் கிடக்கிற அந்த வெட்டுச் செய்தியில் பிள்ளையின் பெயரையும் ஊரையும் போட்டிருக்கிறீர்கள். அவற்றை எடுத்துவிட்டுத் தலைப்பையும் மாற்றுங்கள், நாளைக்கு அவளுக்கு ஒரு வேலையோ கலியாணமோ பேசும்போது தேடுகிறவர்களின் கண்ணில் அதுதான் முதலில் படும்.

வாசகி,
கோண்டாவில்.