மியூஸ்லி பிஸ்கட் காலைச் சாப்பாடு ஆகாது, கயல்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய பாக்கெட் படத்தைப் பெரிதாக்கி நிதானமாகப் படித்தேன். பேரனைக் கிரச்சில் விட்டுவிட்டு ஓடுகிற அவசரத்தில் காரிலேயே ஓட்ஸும் உலர்பழமும் பாதாம், விதைகளும் கலந்த மியூஸ்லி பிஸ்கட் இரண்டு, ஒரு காபி, அதுதான் காலைச் சாப்பாடு என்கிறாய். "ஓட்ஸ்தானேம்மா, நல்லதுதானே?" என்றும் கேட்டிருந்தாய். ஓட்ஸ் நல்லதுதான். ஆனால் அந்த பிஸ்கட்டை நம்பி நீ காலைப்பொழுதை ஓட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஓட்ஸும் திராட்சையும் பூசணி விதையும் தானாக ஒட்டிக்கொள்ளாது. கடலை உருண்டைக்குப் பாகு மாதிரி இதற்கும் ஏதாவது வேண்டும். அதுதான் கோல்டன் சிரப் என்கிற சர்க்கரைப் பாகு, தேன், வெண்ணெய், எண்ணெய் எல்லாம். நீ இருக்கிற மெல்பர்னில் விற்கிற பாக்கெட்டில், சேர்மானப் பட்டியலில் எடை கூடுதலான பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். உன் பாக்கெட்டில் ஓட்ஸ் 30%, அடுத்ததே சர்க்கரை. சிரப்பும் தேனும் கீழே தனித்தனியாக இருப்பதால் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இப்போது கணக்கைப் பார். நூறு கிராமுக்குச் சர்க்கரை 28 கிராம், புரதம் 7, நார்ச்சத்து 5, ஆற்றல் 1880 கிலோஜூல், அதாவது சுமார் 450 கலோரி. ஒரு பிஸ்கட் 25 கிராம். இரண்டு தின்றால் சர்க்கரை 14 கிராம், மூன்றரை டீஸ்பூன். திராட்சையின் சொந்த இனிப்பும் அதில் கொஞ்சம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேர்க்கிற சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. காரை விட்டு இறங்குவதற்குள் அதில் பாதிக்குக் கிட்டே முடிந்துவிடுகிறது. புரதமோ மூன்றரை கிராம்தான், ஒரு முட்டையில் ஆறு இருக்கிறது. பதினோரு மணிக்கே பசிக்கிறது என்கிறாயே, பசிக்காமல் என்ன செய்யும்?

கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது என்று ஓட்ஸுக்குப் பெயர் வந்ததே பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்தால்தான். அதற்கு நாளைக்கு 3 கிராம் வேண்டும். உன் இரண்டு பிஸ்கட்டில் ஓட்ஸ் 15 கிராம், அதில் இந்த நார் அரை கிராமுக்குச் சற்று மேல். 3 கிராம் தேற வேண்டுமானால் பத்து பிஸ்கட் தின்ன வேண்டும்!

மியூஸ்லியைக் கொண்டுவந்த சுவிஸ் டாக்டர் பிர்ஷர் பென்னர், 1900 வாக்கில் நோயாளிகளுக்குக் கொடுத்ததில் துருவிய ஆப்பிள்தான் அதிகம். ஊறவைத்த ஓட்ஸ் ஒரு கரண்டி, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் கொட்டைப் பருப்பு, இனிப்பான கெட்டிப் பால், அவ்வளவே. சுட்ட பிஸ்கட்டுக்கும் அதற்கும் வெகுதூரம்.

உன்னிடம் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வயிற்றில் பிள்ளை இருந்தபோது உனக்குச் சர்க்கரை வந்து போனது. அப்படி வந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வர வாய்ப்பு அதிகம். அப்பாவுக்கும் இருக்கிறது. பேரன் கை நீட்டினாலும் கிள்ளிக் கொடுக்காதே. ஒரு வயது ஆகும் வரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமியின் வித்து அடுப்புச் சூட்டையும் தாங்கும். முழுப் பாதாம் தொண்டையில் சிக்கவும் செய்யும். அப்புறம், கோதுமை ஒத்துக்கொள்ளாத உன் தோழி வந்தால் ஓட்ஸ்தானே என்று எடுத்து வைத்துவிடாதே. இதில் கோதுமை மாவு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஓட்ஸ் சேர்ந்த எதற்கும் குளூட்டன் இல்லாதது என்று போடவே அனுமதி கிடையாது.

அதற்காக பாக்கெட்டைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கிரீம் பிஸ்கட்டுக்கு இது எவ்வளவோ மேல். சாயங்காலம் டீயோடு ஒன்று சாப்பிடு, தப்பே இல்லை. காலைக்கு மட்டும், முந்தின ராத்திரியே நாலு கரண்டி ஓட்ஸைத் தயிரில் ஊறப்போட்டு ஃப்ரிட்ஜில் வை. காலையில் ஓர் ஆப்பிளைத் தோலோடு துருவிப் போட்டு, நாலு பாதாமை நறுக்கிச் சேர்த்தால் முடிந்தது. சிக்னலில் நிற்கிறபோது சாப்பிட முடியாதுதான், அலுவலகம் போய்ச் சாப்பிடு. கூடவே ஒரு முட்டை அவித்து எடுத்துக்கொள்.

பிரசவத்துக்குப் பிறகு எடுக்கச் சொன்ன சர்க்கரைப் பரிசோதனையை இன்னும் தள்ளிப் போடாதே. இந்த வாரமே போய் எடுத்துவிட்டு, ரிசல்ட்டை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா