தட்டுவடை செட் பந்தயம்

சேலம்,
டிசம்பர் 12

அன்புள்ள மாதவா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மழை, மூட்டுவலி என்று சாக்குச் சொல்லலாம். உண்மையில், உருப்படியான சேதி கிடைக்கட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

ஏற்காட்டு மலையில் லேடீஸ் சீட் பாறையில் உட்கார்ந்து நாம் போட்ட சண்டை ஞாபகமிருக்கிறதா? சூரியன் ஒண்டிக்கட்டை, அது மாதிரி நட்சத்திரம் எல்லாமே அப்படித்தான் என்று சாதித்தாய். எனக்கும் ஒன்றும் தெரியாது, வீம்புக்கு மறுத்தேன். தட்டுவடை செட் பந்தயம். போன சனிக்கிழமை ஜெயித்துவிட்டேன்!

மச்சினன் தோட்டத்தில் காபிப் பழம் பறிக்கிறார்கள். பரணில் கிடந்த மூன்றங்குலத் தொலைநோக்கியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். அதற்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டார் கண்டக்டர்.

ஏழரை மணிக்கு மேகம் விலகியது. வடக்கே காசியோபியா என்ற நட்சத்திரக் கூட்டத்தின் ஐந்து நட்சத்திரங்கள். அவற்றின் நடுவே, அந்த ஐந்தில் சேராமல் சுமாராகத் தெரிவதுதான் ஈட்டா காசியோபியா என்ற நட்சத்திரம். 19 ஒளியாண்டு தூரம்; அநேகமாக நம் சூரியனின் அச்சு அசல். அங்கிருந்து பார்த்தால் சூரியனும் இதைவிடக் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். மே மாதம் நம்மை வறுத்தெடுக்கிற அதே சூரியன்!

தொலைநோக்கியில் முதலில் ஒன்றுதான் தெரிந்தது. மூச்சை அடக்கிக் கண்ணைப் பழக்கினேன். மஞ்சள் ஒளிக்குப் பக்கத்தில், கடுகு தெறித்த மாதிரி, செம்மங்கலாக இன்னொன்று. சூரிய ஒளியில் பத்தில் ஒரு பங்குகூட அதற்குத் தேறாது. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 480 வருஷம். வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் இந்த ஜோடியை 1779இல் கண்டார். இன்றுவரை அந்த 480 வருஷத்தில் பாதிதான் கழிந்திருக்கிறது. மச்சினனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா மலையேறி வந்தீங்க?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

உனக்கும் பாதி நியாயம் இருக்கிறது. சூரியன் மாதிரி நட்சத்திரங்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவற்றுக்குத்தான் துணை உண்டாம். ஆனால் நீ சொன்னது "எல்லாமே". அதனால் சலுகை கிடையாது.

மாசி பிறந்தால் அந்த ஜோடி வடமேற்கில் சாய ஆரம்பித்துவிடும். தைக்குள் வந்துவிடு. ஸ்வெட்டர் எடுத்து வா, மலைக் குளிரில் பல் கிட்டுகிறது. செட்டுக்குக் காசும்.

உன்
சுந்தரம்