முதலிடத்திலும் எங்கள் மாவட்டம், பின்வரிசையிலும் எங்கள் மாவட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுத் திட்டங்களின் பலனைக் கண்காணிக்கப் பல அளவீடுகளைச் சேர்த்து ஒரே எண்ணாக்கும் கூட்டுக் குறியீட்டெண்களைச் செம்மைப்படுத்த நிபுணர்கள் நடத்தும் பயிலரங்குகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் படிவமும் கையுமாக ஊர் ஊராகத் திரிந்து ஓய்வு பெற்ற புள்ளியியல் பணியாளன் நான். கட்டுரையாளர் விட்டுவிட்ட ஒன்றிரண்டைச் சொல்லத் தோன்றுகிறது.

நான் விருதுநகர் மாவட்டத்துக்காரன். பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் ஆண்டுக்கணக்காக மாநிலத்தின் முதலிடத்தை விடாமல் வைத்திருந்த மாவட்டம் இது. பின்தங்கிய மாவட்டங்களைக் கைதூக்கிவிட 2018 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்த ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலிலும் இதே மாவட்டம் இடம் பிடித்தது. தமிழ்நாட்டில் இருந்து அந்தப் பட்டியலுக்குப் போனவை இராமநாதபுரமும் விருதுநகரும்தான். செய்தி வந்த அன்று டீக்கடையில் பெரிய வாக்குவாதம். “சிவகாசியையும் ராஜபாளையத்தையும் வைத்துக்கொண்டு நாம் பின்தங்கியவர்களா?” என்று ஒருவர் கொதித்தார். “கரிசல் காட்டுப் பக்கம் ஒரு நாள் வந்து பாரும்” என்றார் இன்னொருவர். இருவர் சொன்னதும் சரிதான். மாவட்டத்தை ஒரே எண்ணாக்கினால் இருவரில் ஒருவர் காணாமல் போய்விடுவார்.

அந்தத் திட்டத்தில் 49 குறியீடுகளை வைத்து மாவட்டங்களை வரிசைப்படுத்துகிறார்கள். சுகாதாரம்–ஊட்டச்சத்துக்கு 30 விழுக்காடு, கல்விக்கு 30, வேளாண்மை–நீர்வளத்துக்கு 20, நிதிச்சேவை–திறன் மேம்பாட்டுக்கு 10, அடிப்படைக் கட்டமைப்புக்கு 10. எங்கள் தொழிலில் இதை ‘நிறை’ என்போம். மழை பொய்த்தால் மாவட்டமே சுருண்டுவிடும் ஓர் ஊரில் தண்ணீரும் வேளாண்மையும் சேர்ந்தே 20 பெறுவது சரியா? எனக்குச் சரியாகப் படவில்லை. வேறொருவருக்குச் சரியாகப் படலாம். நிறை என்பது கணக்கில் இருந்து பிறப்பதில்லை, எது முக்கியம் என்ற அபிப்பிராயத்தில் இருந்துதான் பிறக்கிறது. அபிப்பிராயம் என்றால் அதை ஊரறியப் பேச வேண்டாமா?

பணியில் இருந்தபோது இப்படியான பயிலரங்கு ஒன்றில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு நாள் நிகழ்ச்சி. வரைபடத்தில் எந்த மதிப்பெண்ணுக்குப் பச்சை, எதற்கு மஞ்சள், எதற்குச் சிவப்பு என்பதிலேயே முதல் நாள் பிற்பகல் முழுவதும் கழிந்தது. நிறைகளைப் பற்றிய பேச்சு இரண்டாம் நாள் தேநீர் இடைவேளைக்குச் சற்று முன்னால் வந்தது. “எல்லாவற்றுக்கும் சமமாகப் போட்டுவிடலாமே” என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள், வடை வந்துவிட்டது. சமமாகப் போடுவது நடுநிலை என்று அங்கே யாரும் வாதிடவில்லை, வாதிட நேரமும் இல்லை.

நிதி ஆயோக் வெளியிடும் பல பரிமாண வறுமைக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுகாதாரம், கல்வி, வாழ்க்கைத்தரம் மூன்றுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. வாழ்க்கைத்தரத்துக்குள் ஏழு குறியீடுகள் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் 21இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் குடிநீரும் வங்கிக் கணக்கும் ஒரே எடை. பீரோவுக்குள் கிடக்கும், வரவு வைத்து வருடமான பாஸ்புத்தகம் ஒரு குடம் தண்ணீருக்குச் சமம் என்று எந்த வீட்டிலாவது போய்ச் சொல்லிப் பாருங்கள்.

நிறையை விடவும் பெரிய சங்கதி, கூட்டும் முறை. பத்தாம் வகுப்பில் தமிழில் 95 வாங்கிய பையன் கணக்கில் 20 வாங்கினால் நாம் தேர்ச்சி போடுவதில்லை. பாடத்துக்குப் பாடம் 35 வேண்டும். குறியீட்டெண்களில் மட்டும் 95 வந்து 20ஐ மூடிவிடுகிறது. ஒன்றில் 90, இன்னொன்றில் 10 வாங்கிய மாவட்டத்துக்குக் கூட்டுச் சராசரி 50. இரண்டிலும் 50 வாங்கிய மாவட்டத்துக்கும் 50தான். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கும் பெருக்குச் சராசரி போட்டால் முதல் மாவட்டம் 30க்கு இறங்கிவிடும், இரண்டாவது 50லேயே நிற்கும். 1990இல் தொடங்கிய ஐ.நா.வின் மனித மேம்பாட்டுக் குறியீடுகூட இருபது ஆண்டுகள் கூட்டுச் சராசரியில் ஓடிவிட்டு 2010இல்தான் பெருக்குச் சராசரிக்கு மாறியது. உலகம் முழுக்கப் பார்க்கும் குறியீட்டுக்கே அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. நம் பட்டியல்களை எவரேனும் இப்படிக் கிளறிப் பார்த்தார்களா?

இனி படிவத்துக்கு வருகிறேன். அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், ஒரு வீட்டுக் கழிப்பறைக் கதவைத் திறந்தேன். உத்தரம் வரை பருத்திமார் அடுக்கியிருந்தது. “மழைக்கு நனையாத இடம் இந்த வீட்டில் இது ஒன்றுதான் சார்” என்றார் அந்த அம்மா. நான் கொண்டுபோன படிவத்தில் ‘கழிப்பறை உள்ளதா’ என்றுதான் கேள்வி. ‘உண்டு’ என்று எழுதினேன், பொய்யில்லை. அடுப்படியில் பூப்போட்ட துணி விரித்து அதன் மேல் கேஸ் அடுப்பு இருந்தது. எது முதன்மை எரிபொருள் என்று கேட்டேன். “காப்பி போட கேஸ், சோறு வடிக்க விறகு. நீங்களே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.” நான் எதை எழுதினேன் என்பது இப்போது நினைவில்லை. ஆனால் எழுதியது எங்கோ ஓர் எண்ணில் இன்னும் இருக்கிறது, இரண்டு தசம இடம் வரை துல்லியமாக!

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி நிறுவனமும் ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து 2008இல் இந்தக் குறியீடுகளை உருவாக்குவதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டன. அதில் பத்துப் படிகள். ஏழாவது, நிறையையும் முறையையும் மாற்றினால் தரவரிசை எவ்வளவு ஆடுகிறது என்று சோதிப்பது. எட்டாவது, மூலத் தரவுக்குத் திரும்பிப் போவது. நான் இருந்த பயிலரங்கில் ஆறாவது படியோடு சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மூலத் தரவுக்குத் திரும்பிப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலக வங்கியின் ‘தொழில் செய்ய எளிதான நாடுகள்’ பட்டியலே போதும். அதில் இந்தியா 142இல் இருந்து 63ஆம் இடத்துக்கு ஏறியபோது தலைப்புச் செய்தி போடாத பத்திரிகை இல்லை. இந்தியாவுக்கான கணக்கு டெல்லி, மும்பை என்ற இரண்டே நகரங்களை வைத்துப் போட்டது. உரிமம் புதுப்பிக்க அலையும் சிவகாசித் தீப்பெட்டி ஆலைக்காரர் அந்த எண்ணுக்குள் எங்கேயும் இல்லை. சில நாடுகளின் தரவில் முறைகேடு நடந்தது தெரியவந்ததும் 2021 செப்டம்பரில் உலக வங்கியே அந்த அறிக்கையை நிறுத்திவிட்டது. நிறுத்திய செய்தி உள்பக்கத்தில் சின்னதாக வந்ததாக நினைவு.

குறியீட்டெண்ணே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. 49 எண்களை மேசையில் கொட்டினால் எந்த அமைச்சரும் படிக்க மாட்டார், ஒன்றைக் கொடுத்தால் பார்ப்பார். அதனால்தான் அந்த ஒன்றோடு கூடவே வேறு இரண்டு தகவலையும் கேட்கிறேன். நிறையை மாற்றினால் இந்த மாவட்டம் எந்த இடத்தில் இருந்து எந்த இடம் வரை போகும் என்பது ஒன்று. எந்தக் குறியீட்டில் அது 35க்குக் கீழே கிடக்கிறது என்பது மற்றொன்று. அடுத்த பயிலரங்கை நடத்துகிறவர்கள் வண்ணம் பூசுவதை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தை இதற்குக் கொடுக்கட்டும்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மாவட்டத் தரவரிசை வெளியிடும்போது இட எண்ணோடு நிறுத்திவிடாமல், துறைவாரி மதிப்பெண்களையும் பக்கத்தில் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் பத்து மாவட்டங்களுக்கு மட்டும் போடுங்கள். அதில் விருதுநகர் வராவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் பணியாளர்,
அருப்புக்கோட்டை.