லேபிளில் பெயர் மட்டும் போதாது, பிறப்பிடமும் வேண்டும்

மத்திய மருந்துகள் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். உரிமம் பெற்றுச் சிறிய அளவில் ஷாம்பு தயாரித்து விற்கிறேன். அது கெட்டிப்படச் சாந்தன் கம் சேர்க்கிறேன். ஒரு லிட்டருக்கு ஐந்து கிராம் போதும். நேரே தண்ணீரில் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரளும் என்பதால் முதலில் கிளிசரினில் குழைத்துக்கொள்வேன்.

"இதில் விலங்கிலிருந்து எடுத்தது ஏதாவது உண்டா?" என்று வாங்க வருபவர்கள் கேட்கிறார்கள். இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறேன்.

'கம்' என்றதும் வேலமரத்தில் வடியும் பிசின்தான் நினைவுக்கு வருகிறது. சாந்தன் கம் எந்த மரத்திலும் வடிவதில்லை. முட்டைக்கோசைக் கருக வைத்து அழுகச் செய்யும் சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவுக்குச் சர்க்கரைக் கரைசலை ஊட்டி, அது சுரக்கும் பசையை ஆல்கஹாலால் பிரித்து, உலர்த்திப் பொடிக்கிறார்கள். அமெரிக்காவின் பியோரியா நகர வேளாண் ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட இது, 1969-இல் அந்நாட்டில் உணவில் சேர்க்க அனுமதி பெற்றது. நல்ல பொருள், அதன்மீது எனக்குப் புகார் இல்லை. ஆனால் பாக்டீரியாவுக்கு ஊட்டிய சர்க்கரை மக்காச்சோளத்திலிருந்து வந்ததா, பாலின் தெளிநீரிலிருந்து வந்ததா? பாலையும் தவிர்ப்பவருக்கு இது பெரிய கேள்வி. கிளிசரினோ தாவர எண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். லேபிளில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். எனக்கு மூலப்பொருள் விற்பவர் தரும் தாளிலும் இந்த விவரம் இல்லை. கேட்டால், "சட்டம் கேட்கவில்லையே" என்கிறார்.

அவர் சொல்வது சரிதான். 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகள் சேர்மானங்களின் பெயர்களைக் கேட்கின்றன. 1 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றை இறங்குவரிசையில் எழுதச் சொல்கின்றன. எதிலிருந்து எடுத்தது என்று எழுதச் சொல்வதில்லை. சோப்பு, ஷாம்பு, பற்பசைக்குப் பச்சைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் வேண்டும் என்று 2014-இல் விதி வந்தபோது மகிழ்ந்தேன். 2021-இல் உங்கள் அமைப்பே அதை நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. விலங்குப் பொருள் அறவே இல்லாத உணவுக்கு மட்டும் 2022-இல் தனி விதியும் முத்திரையும் வந்தன. நாவில் படுவதற்கு உள்ள அக்கறை தலையில் தேய்ப்பதற்கும் வேண்டாமா?

புள்ளியை மீண்டும் கட்டாயமாக்குங்கள். மூலப்பொருள் விற்பவர் ஒவ்வொரு சேர்மானமும் தாவரத்திலிருந்தா, நுண்ணுயிரிலிருந்தா, விலங்கிலிருந்தா என்று எழுத்தில் தர வேண்டும் என விதி செய்யுங்கள். பெரிய நிறுவனங்கள் கேட்டால் அவர் தந்துவிடுவார்; என்னைப் போன்றவர்களுக்குச் சட்டம் சொன்னால்தான் தருவார். லேபிள்களை மறுபடி அச்சிடும் செலவை ஏற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு ஷாம்பு தயாரிப்பாளர்